சகலை எடுத்த படம்

என் மனைவியின் ஃபோனைத் தொட்டால் முதலில் அவளுடைய சிரிப்புதான் வரும். தலையைக் கொஞ்சம் சாய்த்து, கண்ணோரம் சுருங்க, ஒரு கையால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, பல் அத்தனையும் தெரியச் சிரிக்கிற படம். நான் கேமரா வாங்கிய பிறகு அவளை மட்டும் முந்நூறு படமாவது எடுத்திருப்பேன். ஒன்றிலாவது இப்படிச் சிரித்தாளா? இல்லை. அந்தப் படத்தை எடுத்தவன் என் சகலை, அவள் தங்கையின் புருஷன். செருப்புக் கடையில் வேலை பார்க்கிறான். திரையில் கீறல் விழுந்த ஒரு ஃபோனில் எடுத்தான். வயிறு எரிகிறது என்று நாலு பேர் முன்னால் சொல்ல வெட்கமாக இருக்கும். எழுதுவதற்கு என்ன வெட்கம்? எரிந்தது. எட்டு மாதம் எரிந்தது.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். ஒரு சின்ன ஸ்கேன் சென்டரில் இருபத்திரண்டு வருஷமாக எக்ஸ்ரே எடுக்கிறேன். படத்தை இருட்டறையில் மருந்துத் தண்ணீரில் முக்கிக் காயப்போட்ட காலத்திலேயே சேர்ந்தவன். இப்போது எல்லாம் கம்ப்யூட்டர். எங்கள் பக்கத்தில் பாதிப் பேருடைய நெஞ்சும் முதுகும் முழங்காலும் என் கையால் படமானவை. ஆனால் இத்தனை வருஷத்தில் ஒரு ஆள் என் படத்தைப் பார்த்து "நல்லா வந்திருக்கு" என்று சொன்னது கிடையாது. டாக்டர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து எலும்பு கூடிவிட்டது என்பார். உடனே நோயாளி டாக்டருக்கு நன்றி சொல்வார். எடுத்தவனை யார் நினைப்பார்கள்? அதற்குள் அடுத்த ஆள் சட்டையைக் கழற்றிக்கொண்டு என் கதவருகே நிற்பார்.

நாற்பத்தாறாவது வயதில் ஒரு பழைய கேமரா வாங்கினேன். முகம் எடுக்க வேண்டும் என்று ஆசை. எலும்பையே பார்த்துச் சலித்தவனுக்கு, மேலே தோல் என்று ஒன்று இருப்பது திடீரென்று ஞாபகம் வந்துவிட்டது. சென்டர் டாக்டரிடம் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்டோர் ரூமை எடுத்துக்கொள்ளச் சொன்னார். உடைந்த சக்கர நாற்காலி, காலி அட்டைப்பெட்டிகள், கதிரைத் தடுக்கப் போட்டுக்கொள்கிற, கிழிந்துபோன பழைய ஈயக் கவசங்கள் எல்லாவற்றையும் ஒரு மூலைக்குத் தள்ளினேன். சுவரைத் துடைத்தேன். வெள்ளைச் சுவர், ஒரு பக்கம் பால் கண்ணாடி போட்ட பெரிய ஜன்னல். அந்த வெளிச்சம் முகத்தில் விழுந்தால் சலித்த மாவு மாதிரி மெத்தென்று இருக்கும். யார் வேண்டுமானாலும் வரலாம், ஓசியில் படம் எடுத்துத் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஓசி என்றால் சும்மாவா? எனக்கு ஒன்று, எங்கப்பனுக்கு ஒன்று என்று வந்து நின்றார்கள்.

முதலில் வந்தவர் எங்கள் சென்டரில் பில் போடுகிற கவுண்டர் அம்மா. இரண்டு சங்கிலி, பெரிய தோடு, வளையல் என்று வீட்டில் இருந்ததை எல்லாம் போட்டுக்கொண்டு வந்திருந்தார். நான் நாற்காலியைக் காட்டி, நகை எல்லாவற்றையும் கழற்றி அந்தத் தட்டில் வைக்கச் சொன்னேன். தலையில் ஹேர்பின் இருந்தால் அதையும். அவரும் எட்டு வருஷமாக, எக்ஸ்ரேயில் உலோகம் விழக் கூடாதென்று, வருகிறவர்களிடம் தினமும் இதையே சொல்கிறவர் அல்லவா? மறுபேச்சில்லாமல் ஒவ்வொன்றாகக் கழற்றி வைத்தார். என்ன செய்கிறோம் என்று இரண்டு பேருக்கும் உறைக்கவே இல்லை. "மூச்சை நல்லா இழுங்க. பிடிங்க. ஆடாதீங்க" என்றேன். பொத்தானை அழுத்தினேன். "விடுங்க" என்றேன். குனிந்து கேமராத் திரையைப் பார்த்தேன். மொட்டைக் கழுத்தும் உப்பின நெஞ்சும் பிதுங்கின கண்ணுமாக, கிணற்றில் தள்ளப்போகிறார்கள் என்று தெரிந்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

அடுத்து கீழ்த்தளத்து மருந்துக்கடைக்காரர். மூக்குக்கண்ணாடிக் கம்பி உலோகம் என்பதால் நான் சொல்லாமலேயே கழற்றிவிட்டார். படத்தைப் பார்த்த அவர் வீட்டம்மா யார் இது என்று கேட்டாராம். ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவன் நல்ல உயரம், ஒட்டடைக்குச்சி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். அவனை இடுப்பில் கைவைத்து, முழங்கையை முன்னால் தள்ளி, தாடையைத் தூக்கச் சொன்னேன். நெஞ்சு எக்ஸ்ரேக்கு அப்படித்தான் நிற்க வேண்டும். படத்தில் சண்டைக்குக் கிளம்பின சேவல் மாதிரி இருந்தான்.

எல்லோரும் ஒரே வார்த்தைதான் சொன்னார்கள். நல்லா இருக்கு. நானும் நம்பினேன். ஓசிக்குப் படம் எடுப்பதில் உள்ள முதல் வினையே இதுதான். தானமாகக் கொடுத்த மாட்டை யாராவது பல்லைப் பிடித்துப் பார்ப்பார்களா? மாட்டார்கள். ஆனால் கொண்டுபோய் வீட்டில் கட்டவும் மாட்டார்கள். நான் எடுத்த படத்தை ஒருவர்கூட வாட்ஸ்அப்பில் டிபியாக வைக்கவில்லை. தினமும் காலையில் பல் தேய்த்ததும் எனக்கு இதுதான் வேலை. கவுண்டர் அம்மா டிபியில் ஒரு ரோஜாப்பூ. மருந்துக்கடைக்காரர் டிபியில் அவர் கடை போர்டு. ஒட்டடைக்குச்சியின் டிபியில் ஆம்புலன்ஸ். அட, ஆம்புலன்ஸைவிடவா என் படம் மோசம்?

நாலாவது ஞாயிற்றுக்கிழமை சகலை வந்தான். தனியாகக் கஷ்டப்படுகிறேனே என்று என் மனைவிதான் அனுப்பிவைத்தாள். ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் நின்று வெள்ளைத் தெர்மாகோல் அட்டையைப் பிடித்துக்கொண்டால் முகத்தின் நிழல்பக்கம் கொஞ்சம் வெளுக்கும், அதற்கு ஒரு ஆள் வேண்டும். வந்தான், பிடித்தான். வாய் மட்டும் மூடவில்லை.

அவனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அவன் இந்தக் குடும்பத்துக்குள் வந்த நாள் முதல் எனக்கு அவனைக் கண்டால் ஆகாது. கெட்டவனா? அதுவும் இல்லை, அதுதான் கோளாறு. கெட்டவனாக இருந்தால் வைதுவிட்டுப் போகலாம். மாமியார் வீட்டுக்கு நான் போனால் "வாங்க மாப்பிள்ளை, சாப்பிட்டீங்களா" என்பதோடு சரி. அவன் போனால் அந்த வீட்டுச் சிரிப்பு தெருமுனை வரைக்கும் கேட்கும். மாமியாருடைய முழங்காலுக்கு நான் ஒன்பது தடவை எக்ஸ்ரே எடுத்துக் கொடுத்திருக்கிறேன். அவன் ஒரே ஒரு ஜோடி செருப்பு வாங்கிக் கொடுத்தான். இன்றைக்கும் மாமியார் பேசுவது அந்தச் செருப்பைப் பற்றித்தான்.

அன்று பழைய ஆட்களே இன்னொரு படத்துக்கு மறுபடியும் வந்திருந்தார்கள். ஸ்டோர் ரூமில் அவன் முதலில் பார்த்தது வந்தவர்களுடைய காலை. கவுண்டர் அம்மாவிடம், சுண்டுவிரல் பக்கம் கடிக்குமே என்று கேட்டான். ஆமாம் என்று அந்த அம்மா ஆச்சரியப்பட்டு, தன் காலின் கதை முழுவதையும் சொன்னார். எட்டு வருஷமாக அடுத்த அறையில் இருக்கிற எனக்கு அந்தக் கதை தெரியாது. நான் கேட்டதும் கிடையாது. நான் பாட்டுக்கு மூச்சை இழுங்க, பிடிங்க என்று என் வேலையைப் பார்த்தேன். அவன் ஒரு கையில் தெர்மாகோல், ஒரு கையில் ஃபோன் என்று என் தோளை உரசிக்கொண்டு நின்றான்.

அன்று மத்தியானம் என் மனைவி சாப்பாடு கொண்டுவந்தாள். வெளிச்சம் நன்றாக இருந்தது. உட்கார், ஒன்று எடுக்கிறேன் என்றேன். எடுத்தேன். குனிந்து கேமராத் திரையைப் பார்த்தேன். கன்னம் இரண்டும் உப்பி, பல்வலிக்காரி மாதிரி இருந்தாள். பக்கத்தில் என்னவோ சிரிப்புச் சத்தம் கேட்டது. சகலை வழக்கம்போல ஏதோ ஜோக் அடித்திருப்பான் என்று நினைத்துக்கொண்டு வெளிச்சத்தைச் சரிபார்த்தேன்.

அந்த வாரம் டிபிகள் மாறின. கவுண்டர் அம்மாவின் ரோஜாப்பூ போய் கவுண்டர் அம்மாவே வந்துவிட்டார். மருந்துக்கடைக்காரர் முகத்தில் என்ன ஒரு குறும்பு! ஒட்டடைக்குச்சி சின்னப் பையன் மாதிரி வெட்கப்பட்டுக்கொண்டிருந்தான். அதே சுவர், அதே சட்டை, அதே ஜன்னல் வெளிச்சம். ஒரு நிமிஷம் என் படம்தான் என்று நினைத்துத் துள்ளிவிட்டேன். பிறகு பார்த்தால் எல்லாமே சகலை ஃபோனில் எடுத்து அவரவருக்கு அனுப்பியவை. கடைசியில் என் மனைவியின் ஃபோனிலும் அந்தச் சிரிப்பு ஏறி உட்கார்ந்துகொண்டது.

எனக்குக் காதில் புகை வந்தது. நான் இடம் கேட்டு, சுவர் துடைத்து, ஆளைக் கூப்பிட்டு, உட்காரவைத்து, வெளிச்சம் பார்த்தால், இவன் பக்கத்தில் நின்று அள்ளிக்கொண்டு போகிறானே! மனைவியிடம் பொருமித் தீர்த்தேன். யார் குத்தினால் என்ன, அரிசியானால் சரி என்றாள். குத்தினவனுக்குத்தான் கைவலி தெரியும் என்றேன். கைவலி என்றால் நாளைக்கு ஒரு எக்ஸ்ரே எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு விளக்கை அணைத்தாள்.

விடுவேனா? கவுண்டர் அம்மாவின் ஃபோனையும் ஒட்டடைக்குச்சியின் ஃபோனையும் ஏதோ சாக்குச் சொல்லி வாங்கினேன். சகலையின் படங்களையும் என் படங்களையும் கம்ப்யூட்டரில் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, எடுத்த நேரத்தைப் பார்த்தேன். அவன் படத்தைச் சுருக்காமல் டாக்குமென்டாக அனுப்பியிருந்ததால் படத்துக்குள்ளேயே மணி, நிமிஷம், விநாடி எல்லாம் பதிவாகியிருந்தது. என் படத்துக்கும் அவன் படத்துக்கும் இரண்டு விநாடி, மூன்று விநாடிதான் வித்தியாசம். எல்லாவற்றிலும் அவன் பிந்தி. நான் "விடுங்க" என்று சொன்ன பிறகுதான் எடுத்திருக்கிறான். மூச்சைப் பிடித்துக்கொண்டு விறைத்திருந்த ஆள் மூச்சை விடும்போது தோள் இறங்கும், முகம் தளரும், அப்பாடா என்று ஒரு சிரிப்பு வரும். என் படத்தில் மூச்சு உள்ளே, அவன் படத்தில் மூச்சு வெளியே. எக்ஸ்ரேக்கு நான் எடுத்த நொடி சரியான நொடி. முகத்துக்கு அது முழுத் தப்பு. இதை நான்தான் கண்டுபிடித்தேன், ஆனால் அவன் கண்டுபிடிக்காமலேயே செய்துகொண்டிருந்தான். அது இன்னும் எரிந்தது.

அடுத்த ஞாயிறு அவனை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தெர்மாகோலே தேவையில்லை, புது முறை என்று அளந்தேன். "விடுங்க" என்று சொல்லி அதே நொடியில் பொத்தானை அழுத்தினேன். ஒருவர் கண்ணை மூடிக்கொண்டார். ஒருவர் வாயைத் திறந்து கரையில் போட்ட மீன் மாதிரி இருந்தார். மூன்றாவது ஆள் என் விரலையே முறைத்துப் பார்த்துக்கொண்டு விறைப்பாகவே மூச்சு விட்டார். ஜன்னல் சரியில்லை என்றேன், லென்ஸ் பழசு என்றேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அந்தக் கதைதான். போகும்போது மருந்துக்கடைக்காரர், உங்கள் சகலை வரவில்லையா என்று கேட்டார். வேலையாம் என்று சொன்னேன். அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆள் குறைந்தது.

இப்படியே மாதங்கள் போயின. பிறகுதான் அந்தச் சுவர் வந்தது.

என் மனைவி பேருந்து நிலையத்தில் விசாரணை ஜன்னலில் உட்காருகிறவள். எந்த வண்டி எங்கே நிற்கும், எது போய்விட்டது, அடுத்தது எப்போது என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பாள். அங்கே புதிதாக ஒரு பயணிகள் கூடம் கட்டினார்கள். அதன் சுவரில் ஊழியர்களில் எட்டுப் பேருடைய படத்தை ஆள் உயரத்துக்கு வைக்கப்போகிறார்கள், அதில் அவளும் ஒருத்தி. பிடித்த படத்தை அவரவரே கொடுக்கலாம், கீழே எடுத்தவர் பெயரும் வரும் என்று சொன்னாள். இருபத்திரண்டு வருஷமாக உறைக்குள் போட்டுக் கட்டி வைக்கிற படங்களையே எடுத்தவன் நான். ஆயிரம் பேர் நின்று பார்க்கிற சுவரில் என் மனைவியின் முகமும் கீழே என் பெயரும்! வேறு ஒன்றும் வேண்டாம், இந்த ஒரு படம் மட்டும் என்னுடையதாக இருந்தால் போதும். நானே எடுக்கிறேன் என்றேன். சரி என்றாள்.

மூன்று வாரம் எடுத்தேன். ஸ்டோர் ரூமில், வீட்டு வாசலில், சமையலறை ஜன்னலோரம், மொட்டை மாடியில். சிரி என்றேன், சிரித்தாள். இயல்பாகச் சிரி என்றேன், இஞ்சி தின்ற மாதிரி ஆனாள். எனக்குக் கோபம் வந்தது. அவனுக்கு மட்டும் வருகிறதே சிரிப்பு என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அவள் என்னைப் பார்த்தாள்.

"சொன்னா கோபப்படக் கூடாது. உங்க கேமரா முன்னாடி உட்கார்ந்தா, ஏதோ ரிப்போர்ட் வரப்போகுதுன்னு பயமா இருக்கு."

பிறகு ஃபோனை எடுத்துக் காட்டி, இதையே கொடுத்துவிடுகிறேன், எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது, திங்கட்கிழமைக்குள் கேட்கிறார்கள் என்றாள். எனக்கு முகத்தில் ஈயாடவில்லை. சுவரில் அவள் சிரிப்பாள், கீழே அவன் பெயர் இருக்கும். தினமும் நான் அந்த வழியாகத்தான் வேலைக்குப் போகிறேன்.

சனிக்கிழமை சாயங்காலம் அவள் குளிக்கப் போனபோது ஃபோன் மேஜைமேல் இருந்தது. செய்தது தப்பு என்று தெரிந்தே செய்தேன். படத்தை அழித்தேன். அழித்த படங்கள் போய்ச் சேருகிற இடத்திலிருந்தும் துடைத்தேன். அவன் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியையும் தேடிப்பிடித்து அழித்தேன். முகப்பில் ஏதோ ஒரு கடற்கரையை வைத்தேன். வேலை சுத்தம். அவள் தண்ணீர் சொட்டச் சொட்டத் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தபோது நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலையில் ஃபோனைக் கையில் எடுத்தாள். தேடினாள். திரும்பத் தேடினாள். என்ன ஆயிற்று என்று நானும் கேட்டேன், பாருங்கள் என் துணிச்சலை. பழைய ஃபோன், சில சமயம் தானாகவே போய்விடும் என்றும் சொன்னேன். அவள் கத்தவில்லை, அழவுமில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு என் எதிரே உட்கார்ந்தாள்.

"ஒரு ஃபோன் போட்டா தம்பி திருப்பி அனுப்பிடுவாரு. நான் போடமாட்டேன். அழிச்சவங்களே போய் வாங்கிட்டு வரட்டும்."

அவ்வளவுதான் சொன்னாள். அன்று சமைத்தாள், பரிமாறினாள், பேசவில்லை. மத்தியானம் வரைக்கும் தாக்குப்பிடித்தேன். அதற்குமேல் அந்த வீட்டில் உட்கார முடியவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு செருப்புக் கடைக்குப் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை அவன் கடையில் கூட்டம். ஒரு பெரியவருடைய காலை மடியில் வைத்து ஷூ மாட்டிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் உட்காருங்கண்ணே என்று பெஞ்சைக் காட்டினான். பெரியவரை அனுப்பிவிட்டு முக்காலியை இழுத்து என் முன்னால் உட்கார்ந்து, பழக்கதோஷத்தில் என் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு லேஸை அவிழ்க்க ஆரம்பித்தான். வரும் வழியெல்லாம் ஏதேதோ பொய் ஜோடித்து வைத்திருந்தேன். ஒருவன் நம் காலைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்திருக்கும்போது பொய் வரமாட்டேன் என்கிறது.

"உங்க அக்கா படம் அவ ஃபோன்ல இல்ல. நான்தான் அழிச்சேன்" என்றேன்.

லேஸில் இருந்த கை நின்றது. ஏன் என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஃபோனை எடுத்துத் தேடினான். அக்காவுக்கு அனுப்பும்போது ஓரத்தை வெட்டி அனுப்பினேன், முழுப் படம் இதுதான் என்று என் கையில் கொடுத்தான்.

பார்த்தேன். நடுவில் என் மனைவி சிரிக்கிறாள். இடது ஓரத்தில் ஒரு தோள், குனிந்த தலை, உச்சியில் அரை உள்ளங்கை அகலத்துக்கு வழுக்கை. தலைக்குக் கீழே கேமரா. நான்தான். அவள் சகலையின் ஃபோனைப் பார்க்கவில்லை. அந்தத் தலையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அவன் அடுத்தடுத்த படங்களைத் தள்ளிக் காட்டினான். கவுண்டர் அம்மா, மருந்துக்கடைக்காரர், ஒட்டடைக்குச்சி. யாருடைய கண்ணும் நேரே இல்லை. எல்லோரும் கொஞ்சம் இடது பக்கம், ஒரே இடத்தைப் பார்க்கிறார்கள். அத்தனை நாள் அந்தப் படங்களை வைத்து விநாடிக் கணக்குப் பார்த்தவனுக்கு இது தெரியவில்லை.

"எல்லாரும் உங்களைப் பார்த்துத்தாண்ணே சிரிக்கிறாங்க. மூச்சைப் பிடிக்க வெச்சு விடச் சொன்னது நீங்க. நான் பக்கத்துல நின்னேன், அவ்வளவுதான்."

அவள் ஏன் அப்படிச் சிரித்தாள் என்று கேட்டேன். நீ என்ன ஜோக் சொன்னாய் என்றுதான் கேட்க வந்தது, மாற்றிக் கேட்டேன். நிஜமாகவே ஞாபகம் இல்லையா என்று அவன் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு நடந்ததைச் சொன்னான். எக்ஸ்ரே அறைக்குள் பெண்கள் வந்தால் மாசமாக இருக்கிறீர்களா என்று கேட்காமல் நாங்கள் பொத்தானைத் தொடக் கூடாது. வயிற்றில் குழந்தை இருந்தால் கதிர் ஆகாது. ஒரு நாளைக்கு இருபது தடவை கேட்கிற கேள்வி. அன்றைக்கு என் மனைவியை நாற்காலியில் உட்காரவைத்து, கேமராவில் ஏதோ திருகிக்கொண்டே, அவள் முகத்தைப் பார்க்காமல், "மாசமா ஏதும் இருக்கீங்களாம்மா?" என்று கேட்டிருக்கிறேன். அவளுக்கு நாற்பத்துநாலு வயது. கல்யாணமாகி இருபத்தோரு வருஷம். மகள் காலேஜுக்குப் போகிறாள். அவள் பதில் சொல்வதற்குள் மூச்சை இழுக்கச் சொல்லி, பிடிக்கச் சொல்லிவிட்டேன். சிரிப்பையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். என் படத்தில் கன்னம் உப்பியிருந்தது அதனால்தான்.

நானும் சிரித்திருக்க வேண்டும். கடையில் நாலு பேர் திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்திருக்க வேண்டிய விஷயம். ஆனால் அவன் இன்னும் முடிக்கவில்லை.

"நீங்க பட்டனை அமுக்கிட்டுக் குனிஞ்சுட்டீங்க. அக்கா சிரிச்சுக்கிட்டே உங்களையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க. நிமிர்ந்து பார்ப்பீங்கன்னு நானும் கொஞ்ச நேரம் பார்த்தேன். நிமிரலை. வீணாப் போகுதேன்னு நான் எடுத்தேன்."

என் ஷூ லேஸைத் திரும்பக் கட்டிவிட்டு எழுந்து போனான். அடுத்த ஆள் காத்திருந்தார்.

நான் அந்தப் பெஞ்சிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். எக்ஸ்ரே அறையில் பொத்தானை அழுத்தியதும் திரையைத்தான் பார்க்க வேண்டும். படம் சரியாக விழுந்திருக்கிறதா, ஆடிவிட்டதா, இன்னொன்று எடுக்க வேண்டுமா. மேஜையில் படுத்திருக்கும் ஆள் எழுந்திருக்கலாமா என்று நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். நாம் திரையைப் பார்த்துக்கொண்டே "ம்" என்போம். நல்ல தொழிலாளி அப்படித்தான் இருப்பான். எனக்கு அதைத் தவிர வேறு தெரியாது.

பொறாமை போய்விட்டதா என்று கேட்பீர்கள். எங்கே போகும்? முன்பு அவன் எடுத்த படத்தை நினைத்து எரிந்தேன். அன்று பெஞ்சில் உட்கார்ந்து, அவன் பார்த்ததை நினைத்து எரிந்தேன். எனக்கென்று வந்த சிரிப்பு. அதை நேரில் பார்த்தவன் அவன், நான் பார்த்தது ஒரு கேமராத் திரையை. அந்தச் சுவரில் இப்போது அவள் படம் ஆள் உயரத்துக்கு இருக்கிறது. கீழே சகலையின் பெயர். தினமும் காலையில் அந்தக் கூடத்தைக் கடக்கும்போது இன்னும் எரிகிறது, பொய் சொல்ல மாட்டேன். மாமியார் வேறு ஆட்டோ வைத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

அந்த ஞாயிறு சாயங்காலம் செருப்புக் கடையிலிருந்து வீட்டுக்கு வந்தேன். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். முழுப் படத்தையும் என் ஃபோனுக்கு வாங்கி வந்திருந்தேன். அதை அவளுக்கு அனுப்பினேன். அவள் ஃபோன் சிணுங்கியது. எடுத்துப் பார்த்தாள். எட்டு மாதமாக வெட்டின பாதியை மட்டும் வைத்திருந்தவள், ஓரத்தில் இருந்த என்னை இப்போதுதான் பார்க்கிறாள். நான் எதிரே போய் உட்கார்ந்தேன். அழித்தது நான்தான் என்றேன். தெரியும் என்றாள். எதற்கு என்று சொல்லப்போனேன். அதுவும் தெரியும் என்று துணியை மடித்துக்கொண்டே சொன்னாள். நான் ஒரு துண்டை எடுத்து மடித்தேன். கோணலாக மடித்தேன். அவள் அதை வாங்கிப் பிரித்து, திரும்ப மடித்தாள்.

"முழுப் படத்தையும் பார்த்தீங்களா?" என்று கேட்டாள்.

"பார்த்தேன்."

"என்ன தெரிஞ்சுது?"

எவ்வளவோ சொல்ல வேண்டும் என்று வந்தவன்தான். வாயில் வந்தது இதுதான்.

"வழுக்கை இவ்வளவு பெருசாயிருச்சே. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

அவள் உதட்டைக் கடித்து அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. மடியில் இருந்த துணியெல்லாம் கீழே சரிய, தலையைச் சாய்த்து, ஒரு கையால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது. துடைத்துக்கொண்டு என் தலையைப் பார்த்தாள், மறுபடியும் சிரித்தாள். என் கேமரா அலமாரியில் இருந்தது. ஃபோன் சட்டைப்பையில் இருந்தது. கை அதற்குப் போனது, எடுக்கவில்லை. அவள் ஓயும் வரைக்கும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தச் சிரிப்புக்குப் படம் கிடையாது. சகலையிடமும் கிடையாது.